காலங் குறித்தாற் கன்று பிறக்குமா?

மாட்டிறைச்சிக்கென வளர்க்கப்படும் நாகுகளை மருந்தின் துணைகொண்டு ஒரே காலத்தில் வேட்கைக்குக் கொண்டுவந்து, முன்கூட்டியே குறித்த நாளிற் குறித்த மணியில் அவை யாவற்றுக்கும் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்துவிடலாம் என்பது கடந்த அரை நூற்றாண்டுக் கால்நடை விஞ்ஞானத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சாதனையை நிகழ்த்திய ஆராய்ச்சியாளர் சொன்னது ஒன்று. அதனை விற்போரும், விற்போர் சொல்லைத் திட்டமாக எழுதுவோரும் சொல்வது வேறொன்று. மந்தைகளின் இனப்பெருக்கக் குறைபாட்டிற்குக் காரணம் வேட்கையைக் கண்டறியத் தவறுவதே என்றும், கண்டறியும் தேவையை மருந்து நீக்கிவிட்டாற் குறைபாடும் நீங்கிவிடும் என்றும் இவர்கள் வாதிடுவர். அவ்வாதம் பிழையானது. நாகு ஈனாமைக்குரிய முதற்காரணம் பெரும்பாலும் நாகின் உடலிலேயே உள்ளது. உடல் முதிராத நாகிற்குக் காலங் குறிப்பது வீண்வேலை. சில வேளைகளில் அது தீங்குமாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு மருந்து செய்யும் வேலை யாதென முதலில் அறிதல் வேண்டும். பசுவின் வேட்கை வட்டம் ஏறக்குறைய 21 நாள்களைக் கொண்டது. 18 முதல் 24 நாள் வரை அது கூடியுங் குறைந்தும் வரலாம். இவ்வட்டத்திலே வேட்கை நீடிப்பது அரை நாளளவே. ஏனைய மாடுகள் தன்மீது ஏறுவதற்கு இடங்கொடுத்து அசையாது நிற்றலே அதன் தெளிந்த அறிகுறியாகும். வேட்கை தொடங்கிச் சுமார் 30 மணித்தியாலத்திற் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும். முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சட்சடலம் என்னும் சுரப்பி உருவாகிப் புரோஜெஸ்தெரோன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அது சுரக்குங்காறும் அடுத்த வேட்கை வாராது. சினை தங்காவிடின், ஏறத்தாழ 17ஆம் நாளளவிற் கருப்பையே புரொஸ்தகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். தடை நீங்கவே வேட்கை மீண்டும் வரும். இவ்வொழுங்கில் மனிதன் முதலிற் கைவைத்தது இரண்டு இடங்களிலேயாம். மஞ்சட்சடலத்தைக் காலத்துக்கு முன்னரே கரைத்துவிடுதல் ஒன்று. புரோஜெஸ்தெரோனை வெளியிலிருந்து கொடுத்து, எல்லா மாடுகளையும் வேட்கையின் வாயிலில் நிறுத்திவைத்துப் பின்னர் ஒருங்கே திறந்துவிடுதல் மற்றொன்று.

இவற்றுட் பின்னதே காலத்தால் முந்தியது. 1948ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், புரோஜெஸ்தெரோனை ஊசிமூலம் ஏற்றி வேட்கையைத் தடுக்கலாம் எனக் காட்டினர். ஊசி நிறுத்தப்பட்ட சில நாள்களுள் மாடுகள் ஒருங்கே வேட்கைக்கு வந்தன. ஆனால், அவ்வேட்கையிற் சினைப்படுத்தப்பட்டவற்றுட் சினை தங்கியவை எதிர்பார்த்ததிலும் குறைவாக இருந்தன. காரணம் பின்னரே தெளிவாயிற்று. மஞ்சட்சடலம் இல்லாத மாட்டிற்கு வெளியிலிருந்து சிற்றளவிற் கொடுக்கப்படும் ஓமோன் வேட்கையைத் தடுக்கப் போதுமாயினும், சூலகத்தில் வளர்ந்து நிற்கும் புடைப்பைக் கரையச் செய்யப் போதாது. முட்டையைத் தாங்கிய அப்புடைப்பு வெளிப்படவும் இயலாமல் அழியவும் இயலாமல் நாட்கணக்கிற் கிடந்து முதிர்ந்துபோகின்றது. ஈற்றில் வெளிப்படும் முட்டை பழுதுபட்ட முட்டை. வேட்கையின் ஒருங்கமைப்பும் கருத்தரிப்பும் வேறுவேறு என்னும் உண்மை இவ்வாறு தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளருக்குப் புலப்பட்டுவிட்டது. அதன்பின் வந்த முறைகள் யாவும் இந்த ஒரு பழுதைச் சுற்றி வளர்ந்தவை எனினும் பொருந்தும்.

சான்றாக, மெலன்ஜெஸ்ரோல் அசற்றேற்று என்னும் செயற்கை ஓமோனை எடுத்துக்கொள்ளலாம். நாகொன்றிற்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் வீதம் தீவனத்திற் கலந்து 14 நாள் ஊட்டுவர். ஊட்டல் நின்றதும் வரும் முதல் வேட்கையை எவரும் பயன்படுத்தார்; பழுதுபட்ட முட்டையின் வேட்கை அதுவென்பதனால் அதனைப் போகவிட்டு, 19 நாள் காத்திருந்து, பின்னர் புரொஸ்தகிளாண்டின் ஊசியை ஏற்றி, அதனால் வரும் வேட்கையிலேயே சினைப்படுத்துவர். முதல் நாட் தீவனத்திலிருந்து ஊசிவரை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலம் செல்கின்றது. ஒவ்வொரு நாகும் ஒவ்வொரு நாளும் தன் பங்கைத் தின்றதா என்பதும் பார்க்கப்படல் வேண்டும். தொட்டியருகே நெருக்குண்டு பின்தள்ளப்படும் நலிந்த நாகு தன் பங்கை இழந்தால், அதனளவில் முழு ஏற்பாடும் குலைந்துவிடும். கவனிப்பின் தேவையைக் குறைக்கும் எனப்படும் முறை கவனிப்பையே முழுமுதலாக வேண்டி நிற்கும் விந்தை இதுவாகும்.

மஞ்சட்சடலத்தைக் கரைக்கும் வழி 1972ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. பசுவிற்குப் புரொஸ்தகிளாண்டினை ஊசிமூலம் ஏற்றினால் மஞ்சட்சடலம் கரைந்து, இரண்டு முதல் ஐந்து நாளுள் வேட்கை வரும் என அவ்வாண்டில் வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் அறிவித்தன. 1979இல் ஐக்கிய அமெரிக்காவில் இம்மருந்து மாடுகளுக்குப் பயன்பட அனுமதி பெற்றது. மலிவான, எளிதான, ஆற்றல் வாய்ந்த மருந்து இது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. இருக்கும் மஞ்சட்சடலத்தை அது கரைக்கும்; இல்லாததை அதனாற் கரைக்க இயலாது. வட்டத்தின் முதல் ஐந்து நாளில் மஞ்சட்சடலம் இளமையாக இருத்தலின் அது மருந்துக்கு அடங்காது. பருவமே எய்தாத நாகிலோ மஞ்சட்சடலம் என்றொன்று தோன்றியதேயில்லை. அத்தகைய நாகிற்கு எத்தனை ஊசி ஏற்றினும் அது வெறுநீரை ஏற்றியதற்கு ஒப்பாகும். பருவமெய்தா நாகுகள் நிறைந்த மந்தைக்கு இம்மருந்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் எதுவாயினும், அதன் பெறுபேறு மருந்துப் பெட்டி திறக்கப்படுமுன்னரே நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றது.

பின்னர் வந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. புரோஜெஸ்தெரோன் ஊட்டிய சிலிக்கன் சாதனத்தை யோனியுட் செருகிவைக்கும் முறை நியூசிலாந்தில் உருவாகி 2002இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. புடைப்புகளின் வளர்ச்சியையே ஒழுங்குபடுத்தி, வேட்கையைப் பாராமலே மணி குறித்துச் சினைப்படுத்தும் முறையை விஸ்கொன்சின் ஆராய்ச்சியாளர் 1995இல் வெளியிட்டனர். பாற்பசுக்களுக்கெனத் தோன்றிய இம்முறை நாகுகளிடத்து அத்துணை வெற்றி பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதலூசிக்கு நாகின் புடைப்பு பல வேளைகளில் இணங்குவதில்லை. சில நாகுகள் குறித்த மணிக்கு முன்னரே வேட்கைக்கு வந்துவிடுகின்றன. இன்றும் அமெரிக்க மாட்டிறைச்சி மந்தைகளிற் கைக்கொள்ளப்படும் ஏழு நாள் முறையில், சாதனத்தை அகற்றியபின் பசுவிற்கு 60 முதல் 66 மணித்தியாலத்திலும் நாகிற்கு 54 மணித்தியாலத்திலும் சினைப்படுத்துமாறு விதிக்கப்பட்டுள்ளது. இரண்டு மணித்தியாலம் முன்பின்னாகலாம், அதற்குமேல் ஆகலாகாது. நாகு என்பது சிறிய பசு அன்று என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

இனி, இம்முறையின் உண்மையான பயன் யாது என்பதை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஏனெனில், ஓமோன் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே இயற்கைக்கு மாறானது என்று கூக்குரலிடுவோரின் வாதமும் ஏற்கத்தக்கதன்று. வட்டம் ஒழுங்காக நிகழும் 100 நாகுகள் ஒரு மந்தையில் இருக்கின்றன எனக் கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் ஐந்து நாகுகளே வேட்கைக்கு வரும். அவற்றைக் காண்பதற்கு 21 நாள் காலையும் மாலையும் ஒருவர் மேய்ச்சற்றரையில் நிற்றல் வேண்டும். ஒருங்கமைத்தாலோ, பெரும்பாலானவை ஐந்து நாளுள் வந்துவிடும். 60 நாள் நீடிக்கும் இனப்பெருக்கப் பருவத்தின் முதல் வாரத்திலேயே எல்லா நாகுகளுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கின்றது. தவறியவற்றுக்கு இரண்டாம், மூன்றாம் வாய்ப்புகள் எஞ்சுகின்றன. முற்பட ஈன்ற கன்று பால்மறக்குங் காலத்தில் நாள் மூத்ததாகவும் நிறை கூடியதாகவும் இருக்கும். முதற் பருவத்தின் தொடக்கத்திலேயே ஈன்ற நாகு, பிந்தி ஈன்றதனிலும் நெடுங்காலம் மந்தையில் நிலைக்கின்றது என்பதும் அமெரிக்க ஆய்வுகளிற் காணப்பட்ட உண்மை. பயன் இதுவே, சிறு பயனுமன்று. ஆயின், இக்கணக்கின் ஒவ்வோர் எண்ணும் 'வட்டம் ஒழுங்காக நிகழும் நாகு' என்ற அடிப்படை மேலேயே நிற்கின்றது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது மருந்துச் செலவு மாத்திரமே.

நாகின் வட்டம் எப்போது தொடங்கும் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. உடல்நிறையும் மரபும் அதிற் பெரும்பங்கு கொள்கின்றன. முதிர்ந்த பசுவின் நிறையில் நூற்றுக்கு 65 பங்கை எய்திய பின்னரே நாகை இனப்பெருக்கத்திற் சேர்த்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதியாக இருந்தது. பசுவொன்று முதிர்ந்து 550 கிலோ நிறை கொள்ளுமாயின், நாகு 360 கிலோ அளவினதாதல் வேண்டும். நெப்ராஸ்காவில் 2000ஆம் ஆண்டை அடுத்து நிகழ்ந்த பரிசோதனைகள், நூற்றுக்கு 55 பங்கை அண்டிய நிறையிலும் நாகுகள் குறைவின்றிச் சினைப்படும் எனக் காட்டின. தீவனத்தின் முக்கியத்துவத்தை இது தகர்த்துவிட்டது எனச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது விபரீதமான வாசிப்பு. முந்திப் பருவமெய்தும் இயல்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இனங்கள் அவை, அவற்றின் தாய்மாரும் பேரன்னையரும் 15 மாதத்திற் சினைப்பட்டு 24 மாதத்தில் ஈன்றவை, ஈனாதவை கழிக்கப்பட்டுவிட்டன. செலவு மிகுந்த தீவனத்தைச் சற்றுக் குறைக்கலாம் என்பதே அப்பரிசோதனைகளின் முடிபு. பட்டினிக்கு அவை அனுமதி வழங்கவில்லை.

பருவமெய்தியதா என்பதை அறிவதற்கு மருந்தும் வேண்டியதில்லை, கருவியும் வேண்டியதில்லை. மலக்குடல் வழியாகக் கையைச் செலுத்திக் கருப்பையையும் சூலகத்தையும் தடவிப் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் முறை ஒன்று கொலராடோவில் உருவாக்கப்பட்டு 1991இல் வெளியிடப்பட்டது. நூலிழை போன்ற கருப்பையும் புடைப்பற்ற சூலகமும் கொண்டது ஒன்று. மஞ்சட்சடலம் தட்டுப்படுவது ஐந்து. இனப்பெருக்கப் பருவத்துக்கு ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் முன்னர் இப்பரிசோதனையைச் செய்தால், எந்த நாகிற் பணத்தைச் செலவிடலாம், எதற்கு முதலில் தீவனம் வேண்டும், எதனை விற்றுவிடல் நன்று என்பன விளங்கும். பயிற்சி பெற்ற மிருக வைத்தியருக்கு ஒரு நாகின்மீது இது சில நிமிட வேலை. ஒருங்கமைப்புத் திட்டங்களின் முதல் ஏட்டில் இருத்தற்குரிய இவ்வேலையே பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. விற்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் காண்பதரிது.

இவ்விடத்தே எதிர்த்தரப்பாரின் வலிமையான வாதமொன்று எழும். புரோஜெஸ்தெரோனைக் கொடுத்து எடுத்தால், பருவமெய்தும் தறுவாயில் நிற்கும் நாகு அதனாலேயே தூண்டப்பட்டு வட்டத்தைத் தொடங்கும் என்பர். இது மெய். வாசலில் நிற்பதை உள்ளே அழைக்கும் ஆற்றல் இம்மருந்துக்கு உண்டு. ஆனால் தெருக்கோடியில் நிற்பதை அது அழைத்துவரமாட்டாது. மேலும், பருவமெய்தும் வயது மரபுவழி இறங்கும் இயல்பாதலின், பிந்தும் நாகுகளை ஆண்டுதோறும் மருந்தால் முந்தச் செய்து, அவற்றின் பெண்கன்றுகளையே அடுத்த தலைமுறைக்கென வைத்துக்கொள்ளும் பண்ணையாளன் யாது செய்கின்றான்? மருந்தின்றி ஈனமாட்டாத மந்தையைத் தன் செலவிலேயே உருவாக்குகின்றான். கழிக்கப்படவேண்டியது எதுவெனக் காட்டுவது நாகின் இயல்பான வட்டம் ஒன்றே; அதனை மருந்து மூடிமறைத்துவிடுகின்றது. மருந்துக்கான தேவையை மருந்தே பெருக்கும் இவ்வியாபாரத்தில் நட்டப்படுபவன் யாவன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்துணைப் போற்றப்படும் முறையைக் கண்டுபிடித்த நாட்டார் தாமே அதனை எந்தளவு கைக்கொண்டனர் என்பதும் நோக்கற்பாலது. 2007–08ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் நடாத்திய கணிப்பில், மாட்டிறைச்சிப் பசுக்களை வைத்திருந்த பண்ணைகளுள் வேட்கை ஒருங்கமைப்பைப் பயன்படுத்தியவை நூற்றுக்குப் பத்திலுங் குறைவு. ஏனையவை காளையைக் கொண்டே இனம் பெருக்கின. நேரமும் ஆள்வசதியும் போதாமையே காரணமாகப் பெரிதும் கூறப்பட்டது. ஒவ்வொரு நாகையும் மும்முறை ஓட்டிவந்து அடைப்பிற் பூட்டல் வேண்டும். வெருண்டோடும் மாட்டிற்கு ஊசி ஏற்றுவது விளையாட்டன்று. பரந்த நிலமும் இரும்பு அடைப்புகளும் கொண்ட அப்பண்ணையாளரே பாரமெனக் கண்டதனை, வேறு எவ்வித வசதியும் அற்றவருக்கு இலகுவான வழியெனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

பிரேசில் எடுத்துக்காட்டை முன்வைத்து இவ்வாதத்தை மறுப்பது வழக்கம். மறுப்பு மதிக்கத்தக்கதே. அந்நாட்டின் மாட்டிறைச்சி மந்தைகள் பெரும்பாலும் திமில் கொண்ட நெலோர் இனத்தவை; தென்னிந்தியாவின் நெல்லூர்ப் பகுதி மாடுகளின் வழிவந்தமையின் அப்பெயர் பெற்றன. அவற்றின் வேட்கை குறுகியது, பெரிதும் இரவில் நிகழ்வது, காண்பதற்கரியது. ஆதலால், வேட்கையைப் பாராது மணி குறிக்கும் முறை அங்கே பேரளவிற் பரவிற்று. இன்று அந்நாட்டிற் செய்யப்படும் செயற்கைமுறைச் சினைப்படுத்தலிற் பெரும்பகுதி இம்முறையிலேயே நிகழ்கின்றது. புல்லை மேயும் வெப்பநாட்டு மாட்டிற்கும் இது பொருந்தும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்றில்லை.

ஆயினும் பிரேசிலின் வெற்றி எதன்மீது கட்டப்பட்டது? ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே அடைப்பினூடு செலுத்தவல்ல பெரும் பண்ணைகளும், ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குச் செல்லும் தேர்ந்த குழுக்களும் அங்குள. முறையின் அச்சாணியாக விளங்குவது ஈஸ்திரடையோல். உணவுக்கான விலங்குகளில் வேட்கையைத் தூண்ட அதனைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய நாடுகள் 2006 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டன. மெலிந்த பசுக்களுக்கும் நாகுகளுக்கும் மேலதிகமாகக் கொடுக்கப்படும் மற்றோர் ஓமோன், சினைப்பட்ட குதிரைகளின் குருதியிலிருந்து பெறப்படுவது. அக்குதிரைகள் நடத்தப்படும் விதம் குறித்து 2015 முதலாக எழுந்த கண்டனங்கள் இன்னும் ஓயவில்லை. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, மெலிந்த மாட்டிற் சினை தங்கும் வீதம் தாழ்கின்றது என்பதைப் பிரேசில் ஆய்வுகளே மீண்டும் மீண்டும் கூறுகின்றன. புல்லுள்ள இடத்தில் மருந்து வேலை செய்தது. புல்லுக்குப் பதிலாக மருந்து நின்றது என்று அங்கும் எவரும் நிறுவவில்லை.

பிரேசிலை முன்மாதிரியாகக் கொள்வோர் இலங்கையின் உலர்வலயத்தை நோக்குவாராயின், ஒப்புமை மாட்டின் திமிலோடு முடிந்துவிடுவதைக் காண்பர். வடக்கிலும் கிழக்கிலும் பட்டியாக மேயும் மாடுகள் இறைச்சிக்கென்றோ பாலுக்கென்றோ தனித்து வளர்க்கப்படுபவை அல்ல, இரண்டுக்கும் அவையே. சிறிய உடலும் பிந்திய பருவமும் கொண்டவை. வெயில் முறுகும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் அவை தின்பது காய்ந்த தாளும் வைக்கோலுமே. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயலோரத்தில் அவற்றுக்கு இடமில்லை. காட்டோர மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டப்படுகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் பட்டிகளுக்கு அவ்வாறு அமைந்த மயிலத்தமடு, மாதவனைத் தரைகளிற் பிறர் புகுந்து பயிரிடுவதை எதிர்த்து, 2023ஆம் ஆண்டிற் பண்ணையாளர் வீதியோரத்தில் நாட்கணக்கில் அமர்ந்திருந்தனர். அவர்தம் நாகு ஏன் ஈனவில்லை என்று வினவுவோருக்கு விடை அத்தரையிலேயே கிடந்தது. புல் பறிபோகும் இடத்திற் புடைப்பு வளராது. புடைப்பு வளராதவிடத்து 54ஆம் மணித்தியாலமும் ஒன்றே, 540ஆம் மணித்தியாலமும் ஒன்றே.

வேறொரு வேறுபாடும் உண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டியிலே காளைகளும் நாம்பன்களும் நாகுகளோடு கலந்தே திரிகின்றன. எந்த நாகு எப்போது காளையோடு சேர்ந்தது என்பதற்கு எழுத்துக் குறிப்பு இருப்பது அரிது. வேட்கையை எவரும் பார்க்கவேண்டியதில்லை, காளை பார்த்துக்கொள்ளும். வேட்கையைக் கண்டறியாமையே குறை என்னும் வாதம் இங்கே முளையிலேயே பட்டுவிடுகின்றது. இத்தகைய பட்டியிற் கையாற் பரிசோதியாது புரொஸ்தகிளாண்டின் ஊசியை வரிசையாக ஏற்றினால் நிகழ்வது யாது? ஏற்கெனவே சினைப்பட்ட நாகின் மஞ்சட்சடலமும் கரையும். கருவைக் காத்துநிற்பது அம்மஞ்சட்சடலமேயாதலின் கரு கலைந்துபோகும். ஒரு கன்றைப் பெறுவதற்காக ஏற்றிய ஊசி, இருந்த கன்றையே இல்லாமற் செய்துவிடும். இளஞ்சினையாயின் கலைந்ததை எவரும் காணவும் மாட்டார். அடுத்து வரும் வேட்கையை மருந்தின் வெற்றியெனக் கணக்கெழுதவும் கூடும்.

ஊசி ஏற்றுவோரின் நிலையும் பேசப்படல் வேண்டும். இம்மருந்து தோலினூடாகவே உடலுட் புகவல்லது. கருவுற்ற பெண்ணுக்கு அது கருச்சிதைவையும், ஈளை நோயாளிக்கு மூச்சுத் திணறலையும் விளைக்கலாம் என மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருக்கின்றது. வீட்டு மாட்டைப் பராமரிப்பவர் பெரும்பாலும் பெண்களாயிருக்கும் நாட்டில், அவ்வெச்சரிக்கை எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது, அதனை யார் யாருக்கு வாசித்துச் சொல்கின்றனர் என்பன அற்ப வினாக்கள் அல்ல. மருந்துகளும் சாதனங்களும் கடல்கடந்து வருவன என்பதையும், 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது மனிதருக்கான மருந்தே தட்டுப்பட்டது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

இவ்வளவுங் கொண்டு ஒருங்கமைப்பே வேண்டாம் என முடிபு கட்டுதல் கூடாது. நன்கு வளர்க்கப்பட்டு, குறிப்பேடு வைக்கப்பட்டு, கட்டிப் பராமரிக்கப்படும் நாகுகள் இலங்கையிலும் உள. மலைநாட்டிலும் அரச பண்ணைகளிலும் யாழ்ப்பாணத்து வீட்டுத் தொழுவங்களிலும் அவற்றைக் காணலாம். காளையற்ற அவ்விடங்களில் வேட்கையைத் தவறவிடுதல் உண்மையான இழப்பே. அங்கே இம்மருந்து உண்மையான துணையாகும். குறித்த நாளில் விந்துக் குழலோடு வரும் உத்தியோகத்தர் ஒரு பயணத்திற் பத்து மாடுகளைப் பார்த்துச் செல்ல முடிதல் பெரும் வசதியாகும். மறுக்கப்படுவது, அத்தொழுவத்தில் வென்றதனைப் பட்டிக்கு மருந்தாக எழுதிக்கொடுக்கும் பழக்கமே.

பட்டிக்கு ஒருங்கமைப்புத் திட்டம் வகுக்கும் அதிகாரி எவராயினும், முதற்பெட்டி ஊசிக்குக் கட்டளையிடுமுன் நாகுகளின் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து நிறையைக் கணித்தாரா, மிருக வைத்தியரைக் கொண்டு சினைப்பட்டவற்றையும் பருவமெய்தாதவற்றையும் பிரித்தாரா, காளைகளை எங்கே கட்டுவதென ஒழுங்கு செய்தாரா, ஊசிக்கு முந்திய மூன்று மாதமும் அந்நாகுகள் எந்தத் தரையில் எதனை மேயும் என்பதற்கு விடை வைத்திருக்கின்றாரா என்று பண்ணையாளர் வினவுதல் வேண்டும். ஈற்று வினாவுக்குரிய விடை கால்நடைத் திணைக்களத்தில் மட்டும் இல்லை. காணியை அளப்போரிடமும், வனத்தின் எல்லையைக் குறிப்போரிடமும், மகாவலி நிலத்தைப் பகிர்ந்தளிப்போரிடமும் அது இருக்கின்றது. அவர்கள் மேசையில் அவ்வினா வைக்கப்படாதிருக்கும்வரை, மருந்துக்கென ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பங்கையேனும் உலர்பருவத் தீவனத்துக்கு மாற்றுமாறு கேட்பதற்குப் பண்ணையாளருக்கு முழு உரிமை உண்டு.